ஆறு மாவுக்கு ஒரு கட்டம்

அந்த வருஷத்துச் சம்பாவில் எங்கள் வயலை எப்படி அறுத்துப் பார்ப்பது என்று தீர்மானித்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் மிராசுதாரின் காரியஸ்தர் சூழ்ச்சி செய்தார் என்கிறார்கள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கை நீட்டினார் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டீக்கடையில் அப்படிப் பேசியபோது நானே இரண்டு மூன்று முறை மறுக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு வயலில் யாரும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் போய் முடிகிற கடைசிப் பகுதியில் இருக்கிறது. மேட்டூர் திறந்த தண்ணீர் எல்லா ஊருக்கும் போய்விட்டு எங்களிடம் வரும். மழைத் தண்ணீர் மட்டும் எல்லா ஊரிலிருந்தும் முதலில் எங்களிடம் வரும். அப்பா பண்ணையில் ஆளாக இருந்தவர். கையெழுத்துப் போடத் தெரியாது. பிறகு அதே மிராசுதாரின் நிலத்தில் ஒரே துண்டாக ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்கு எடுத்தார். புது ஆட்சி வந்து குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதச் சொன்னபோது அப்பா பெயரையும் எழுதினார்கள். வாக்காளர் பட்டியலை விட்டால் சர்க்கார் காகிதத்தில் அவர் பெயர் ஏறியது அதுதான் முதல் தடவை. அந்தப் பெயர் அங்கே இருக்கும்வரை எங்களை யாரும் வயலைவிட்டு இறக்க முடியாது.

இறக்க ஒரே ஒரு வழி இருந்தது. குத்தகை நெல் பாக்கி விழுந்தால் மிராசுதார் வழக்குப் போட்டுப் பெயரை அடித்துவிடலாம். விளைச்சல் பொய்த்த வருஷம் என்றால் அதற்கேற்றபடி குறைத்துக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அறுப்புக்கு முன்னால் மனுப் போட வேண்டும். அதிகாரி வயலுக்கு வந்து மாசூல் இவ்வளவு என்று எழுத வேண்டும். அவர் எழுதுவதுதான் மாசூல். களத்தில் கிடப்பது வேறு விஷயம்.

அந்த வருஷம் தண்ணீர் தாமதமாக வந்தது. நட்டு முடித்துப் பயிர் பச்சை கட்டும்போது கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. வயலின் வடக்குப் பாதி, தண்ணீர் வடிகிற வடிமடைப் பக்கம், பதினோரு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. தண்ணீர் வடிந்தபோது பயிர் இருந்தது, உயிரில்லை. பின்னால் கதிர் வந்தது, அதில் பாதி பதர். அதிகாரி அந்தப் பதரைப் பார்த்து எழுதினால் அப்பா பெயர் பதிவேட்டில் தங்கும். எழுதாவிட்டால் போகும். எங்கள் வீட்டில் அந்தத் தை மாதம் பேசப்பட்டது இது ஒன்றுதான்.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டியவன் நான் ஒருவன்தான். புள்ளியியல் படித்தேன். அது என்ன படிப்பு என்று ஊரில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. “எண்ணுற படிப்பு” என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதில் ஒரு பைத்தியமே இருந்தது என்று சொல்ல வேண்டும். சராசரி, இடைநிலை, முகடு எல்லாம் தாண்டி அப்போதுதான் கூறெடுப்புக்கு வந்திருந்தோம். ஒரு பெரிய மொத்தத்தை முழுவதும் எண்ண முடியாதபோது அதிலிருந்து ஒரு சிறு பகுதியை எடுத்துப் பார்க்கிறோம். அந்த மொத்தம் முழுமைத்தொகுதி. எடுத்தது கூறு. கூறை எடுப்பவன் தன் விருப்பப்படி எடுக்கக் கூடாது. மொத்தத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் கூறில் வந்து விழச் சமமான வாய்ப்பு இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியை நான் நோட்டில் இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தேன். எங்கள் ஊரில் எதற்கும் யாருக்கும் சமமான வாய்ப்பு இருந்து நான் பார்த்ததில்லை. குளத்துப் படித்துறையில்கூட இல்லை. ஒரு புத்தகம், அச்சில், அப்படி ஒன்று வேண்டும் என்று கட்டளை போடுவதைப் படித்தபோது யாரோ எனக்காகவே எழுதிவைத்ததுபோல இருந்தது. பயிர் அறுவடைச் சோதனையைத்தான் அந்தப் பாடத்தில் உதாரணமாகக் கொடுத்திருந்தார்கள். வயலின் தென்மேற்கு மூலையில் நிற்க வேண்டும். சமவாய்ப்பு எண் அட்டவணையிலிருந்து இரண்டு எண் எடுக்க வேண்டும். நீளத்தில் அத்தனை மீட்டர், அகலத்தில் அத்தனை மீட்டர் போய் நான்கு முளை அடித்து, ஐந்துக்கு ஐந்து மீட்டர் கட்டத்தை அறுத்து நிறுக்க வேண்டும். எண் எங்கே விழுகிறதோ அங்கேதான் அறுக்க வேண்டும். பயிர் நன்றாக இருக்கிறது, மோசமாக இருக்கிறது என்று இடத்தை மாற்றினால் சோதனை கெட்டது.

மனுவை நான்தான் எழுதினேன். ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., வருகிற தேதி தெரிந்ததும் விவசாயச் சங்கத்து அண்ணன் ஒருவர் சைக்கிளில் வந்தார். அந்த நாட்களில் எங்கள் பக்கம் அறுப்பு என்றாலே ஒரு பக்கம் செங்கொடி, ஒரு பக்கம் போலீஸ் வேன். பக்கத்து ஊரில் வெளியாட்களைக் கொண்டுவந்து அறுக்கப் போய் இரண்டு பேருக்கு மண்டை உடைந்திருந்தது.

“இருவது பேரு வந்து வரப்புல நிக்கிறோம். யாரும் கைய நீட்டப் போறதில்ல. சும்மா நிக்கிறோம். அப்பத்தான் எழுதுறவன் கை ஒழுங்கா எழுதும்” என்றார்.

“கும்பல் வேணாம்ணே. அதுக்கு ஒரு முறை இருக்கு. கணக்கே பேசும்” என்றேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். “தம்பி படிச்சிருக்குல்ல” என்றார் அப்பா.

“கணக்கு பேசட்டும், நல்லதுதான். பேசலன்னா ஆள் அனுப்பு” என்று சொல்லிவிட்டு அண்ணன் போனார்.

ஆர்.ஐ. காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். கூடத் தராசு தூக்கிக்கொண்டு ஒரு தலையாரி. ஆர்.ஐ. வெளியூர்க்காரர், வயது குறைவு, முகத்தில் கடுமை இல்லை. காரியஸ்தர் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார். அப்பா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

“எல்லாத்தையும் அறுத்துக் கண்டுமுதல் பாத்துடுங்க சார்” என்றார் அப்பா. மொத்தமும் அறுத்து அடித்துக் களத்தில் அளப்பதைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம்.

“நாலு நாளு ஆவும். நாலு நாளும் இவரு இங்கயே பாய் போட்டுப் படுப்பாரா?” என்றார் காரியஸ்தர். “கட்டுக்குக் கால் மொளைச்சு நடந்து போயிடும். நான் பாக்காததா?”

ஆர்.ஐ. சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்ப மூணு எடத்துல பாத்துடலாம் சார். வாய்மடைகிட்ட ஒரு குழி, நடுவுல ஒரு குழி, வடிமடைகிட்ட ஒரு குழி. மூணையும் சேத்து நெறுங்க. எங்க ஆளுங்க அப்படித்தான் பாப்பாங்க.”

குழி என்பது பன்னிரண்டு அடிச் சதுரம். தண்ணீர் நுழைகிற இடம், நடு இடம், தண்ணீர் வடிகிற இடம். பயிர் மூன்று விதமாக இருக்கும் என்பது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும்.

“செய்யலாமே. நேரம் இருக்கு” என்றார் ஆர்.ஐ.

“எந்த எடம்னு யாரு காட்டுறது? இவன் காட்டுவான், நீங்க அறுப்பீங்களா?” என்றார் காரியஸ்தர். “வடிமடைகிட்ட எங்க பதரா நிக்குதுன்னு இவனுக்குத் தெரியாதா? அப்ப நான் ஒரு மூணு எடம் காட்டுறேன்.”

நான் அந்த இடத்தில்தான் வாயைத் திறந்தேன். கையில் கல்லூரி நூலகத்துப் புத்தகம் இருந்தது. “சார், யாரும் காட்ட வேணாம் சார். காட்டுனாலே பாரபட்சம்தான். சமவாய்ப்பு எண் வச்சு எடுத்துடலாம்.”

அதே முறையைப் பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கிறேன் என்று ஆர்.ஐ. சொன்னார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். “எந்தக் காலேஜ் தம்பி?” என்று கேட்டார். புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பிறகு, “இந்த முறையிலயே மூணு எடம் எடுத்துடலாமா?” என்றார்.

இந்தக் கேள்வி என்னிடம்தான் கேட்கப்பட்டது. சரி சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

“புத்தகத்துல வயலுக்கு ஒரு கட்டம்னுதான் சார் இருக்கு” என்றேன்.

காரியஸ்தர் குடையை மடக்கினார். “தம்பி சொல்றபடியே செய்யுங்க. படிச்ச புள்ள சொல்றப்ப நாம என்ன குறுக்க பேசுறது.” எனக்குத் தெரிந்து அவர் எங்கள் வீட்டு ஆள் ஒருவனைத் தம்பி என்றது அன்றைக்குத்தான்.

ஆர்.ஐ. கண்ணை மூடிக்கொண்டு அட்டவணையில் பென்சில் முனையை வைத்தார். வைத்த இடத்திலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தேன். வயலுக்கு வெளியே விழுகிற எண்களை விதிப்படி விட்டேன். நீளத்துக்குப் பதினொன்று. அகலத்துக்கு ஆறு. நாடாவின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு நடந்தேன். பதினொன்றில் நின்று திரும்பி ஆறு மீட்டர் போனதும் காலடியில் மண் மேடாக, கெட்டியாக இருந்தது. கதிர் இடுப்புக்கு மேலே பழுத்துத் தலை சாய்ந்து நின்றது. நாற்றங்கால் போட்ட இடம். வாய்மடைக்குப் பக்கத்து மேட்டில், தொழுவுரமும் சாம்பலும் தழையும் கொட்டி நாற்று விட்டு, பறித்து முடிந்ததும் வயலோடு சேர்த்து உழுது நட்ட துண்டு. வெள்ளம் அதைத் தொடவே இல்லை. ஆறு மாவில் அது பத்தில் ஒரு பங்குகூட வராது.

அப்பா வரப்பிலிருந்து இறங்கி ஓடி வந்தார். “இங்க வேணாம் சார், இது நாத்தங்கால். இது ஒண்ணுதான் சார் வெளைஞ்சிருக்கு. அங்க வந்து பாருங்க, அந்தக் கோடி பூரா சாவி, வெறும் பதரு.”

ஆர்.ஐ. சுற்றிலும் பார்த்தார். அவருக்கும் கண் இருந்தது. வடக்கே பயிர் நிமிர்ந்து நின்றது. கனமில்லாத கதிர்தான் அப்படி நிற்கும். அவர் என்னிடம் திரும்பினார். “என்ன தம்பி, வேற நம்பர் போடலாமா?”

காரியஸ்தர் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். அவர் சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார். ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எண் எங்கே விழுகிறதோ அங்கேதான் அறுக்க வேண்டும். நல்லது கெட்டது பார்த்து மாற்றினால் சோதனை கெட்டது. அந்தப் பக்கம் என் கையில் திறந்தே இருந்தது. மாற்று என்று சொன்னால் காரியஸ்தர் காட்டும் இடத்தில் அறுப்பதற்கும் நான் சொல்லும் இடத்தில் அறுப்பதற்கும் என்ன வித்தியாசம்? இவனும் தன் பக்கம் இழுக்கிறவன்தான் என்று அந்த வெளியூர் மனிதர் நினைத்துவிடுவார். எனக்கு அந்தக் கணத்தில் அப்பாவைவிட அவர் நினைப்பது பெரிதாக இருந்தது. இப்போது எழுதும்போது இப்படித்தான் தெரிகிறது. அப்போது நேர்மை என்று நினைத்தேன்.

“மாத்தக் கூடாது சார்” என்றேன்.

நான்கு முளை அடித்துக் கயிறு கட்டியதும், தலையாரி அரிவாளைத் தேடுவதற்குள், அப்பா தன் இடுப்பிலிருந்த கருக்கரிவாளை எடுத்துக் கொடுத்தார்.

படுதா விரித்துக் கதிரை அடித்துத் தூற்றி நிறுத்தார்கள். பத்துக் கிலோவுக்கு மேல் வந்தது. ஒரு கிலோவை உலர்த்திப் பார்க்கத் துணிப்பையில் கட்டிக்கொண்டார்கள். ஐந்துக்கு ஐந்து கட்டம் எங்கள் வயலில் முந்நூற்று இருபது இருக்கும். அந்தப் பெருக்கலை ஆர்.ஐ. கேட்காமலே நான் போட்டுக் காட்டினேன். முழு விளைச்சல் என்று வந்தது. அவர் எழுதிக்கொண்டார். ரேகை வைக்க அப்பா கட்டைவிரலை நீட்டினார்.

போகும்போது ஆர்.ஐ. என் தோளைத் தட்டினார். “சர்வீஸ் கமிஷன் எழுது தம்பி. உன்ன மாதிரி ஆளுங்கதான் வேணும்.”

பிறகு ஆள் வைத்து முழு வயலையும் அறுத்தோம். முந்நூற்று இருபது கட்டமும் களத்துக்கு வந்தது. முழு விளைச்சல் என்றால் ஐம்பது மூட்டைக்கு மேல் இருக்க வேண்டும். தூற்றியதும் பத்தொன்பது மூட்டை இருந்தது. அறுத்தவர்கள் கூலி போகப் பதினேழு. குத்தகை பதினைந்து. அம்மா அம்பாரத்தின் முன்னால் நின்றுகொண்டு, “ரெண்டு மூட்டைய வச்சுக்கிட்டு அடுத்த தைவரைக்கும் நாலு வயிறு எப்படிடா தம்பி? உன் புஸ்தகத்துல பாத்துச் சொல்லு” என்றார். திட்டியதாக எனக்குப் படவில்லை. அவர் கேட்ட விதத்தில், நிஜமாகவே அதில் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஒன்பது மூட்டை கொடுத்தோம். ஆறு பாக்கி. மனு தள்ளுபடி, காரணம் மாசூல் முழுமை. ஆடி பிறக்கும் முன்பே அப்பா பெயரைப் பதிவேட்டில் அடித்துவிட்டார்கள். சங்கத்து அண்ணன் கொடியோடு வந்து நான்கு நாள் வயலில் நின்றார். போலீஸ் வந்து அவரையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போய் மன்னார்குடியில் வைத்திருந்து விட்டுவிட்டது. திரும்பி வந்தபோது வயலில் காரியஸ்தரின் மச்சினர் உழுதுகொண்டிருந்தார்.

“பத்து எடத்துல அறுக்கச் சொல்லியிருக்கணும்டா. எழுதப் படிக்கத் தெரியாதவன் மூணு எடம்னு சொன்னான். நீ ஒரு எடம்னு சொன்ன” என்றார் அண்ணன். அதற்குப் பிறகு அவர் என்னோடு அதிகம் பேசுவதில்லை.

இதற்கிடையில், மாசி மாதமே, வகுப்பில் அடுத்த பாடம் வந்துவிட்டது. ஒரு கூறு எவ்வளவு தப்பாகப் போகலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. அதற்கு, கூறில் உள்ளவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். கூறின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து அதால் வகுக்க வேண்டும். வாத்தியார் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். நான் எண்ணிக்கை இருந்த இடத்தில் ஒன்று என்று போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்தான்.

“ஏண்டா லூசு, ஒண்ணுல ஒண்ணு போனா பூஜ்யம். பூஜ்யத்தால எப்படிடா வகுப்ப? ஒரு ஆள வச்சுக்கிட்டு விலகல் பாப்பானா எவனாச்சும்?”

அதாவது, அந்த ஒற்றைக் கட்டம் எவ்வளவு தப்பு என்று சொல்லக்கூட அந்த ஒற்றைக் கட்டத்தால் முடியாது. வயலுக்கு ஒரு கட்டம் என்று புத்தகம் சொன்னது ஒரு மாவட்டத்துக்காக. எத்தனையோ ஊரில் எத்தனையோ வயலில் ஒவ்வொரு கட்டம். அங்கே ஒன்று நாற்றங்காலில் விழுந்தால் இன்னொன்று சாவியில் விழும். மொத்தத்தில் சரியாகிவிடும். மாவட்டத்துக்குச் சரியாகும். எங்கள் அப்பாவுக்கு ஒரு வயல்தான்.

அதற்கும் அடுத்த பாடம் அடுக்குமுறைக் கூறெடுப்பு. முழுமைத்தொகுதி ஒரே சீராக இல்லாதபோது அதை அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் தனித்தனியே கூறு எடுக்க வேண்டும். அதற்கு மேல் நோட்டில் நான் எதுவும் எழுதவில்லை. வாய்மடை, நடு, வடிமடை. அடுக்குக்குள் இடத்தைக் காட்டுவது யார் என்றுதான் காரியஸ்தர் கேட்டார். அதற்குத்தான் எண் அட்டவணை. அப்பா சொன்னதையும் நான் சொன்னதையும் சேர்த்தால் முறை முழுமையாகிவிடும். ஒருவர் வரப்பிலும் ஒருவர் கல்லூரியிலும் பாதிப் பாதியாக வைத்துக்கொண்டிருந்தோம். நான் என் பாதியைக் கொண்டு அவர் பாதியை அடித்துவிட்டேன்.

அடுத்த மார்கழியில் அரையாண்டுத் தேர்வு. ‘அடுக்குமுறைக் கூறெடுப்பைத் தகுந்த எடுத்துக்காட்டுடன் விளக்குக’ என்று எட்டு மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. எல்லாரும் புத்தகத்திலிருந்த உதாரணத்தை எழுதினார்கள். நான் ஆறு மா வயல் ஒன்றை வரைந்தேன். எட்டுக்கு எட்டு. ஓரத்தில் சிவப்பு மையில் ‘எடுத்துக்காட்டு மிகச் சிறப்பு’.

பொங்கல் விடுமுறைக்கு வந்தேன். அப்பா மத்தியானம் அறுப்பிலிருந்து சாப்பிட வந்தார். இப்போது கூலிக்கு அறுக்கிறார். காலில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது.

“பரீச்ச எழுதினியா?”

“எழுதினேம்ப்பா. ஒரு கேள்வில எட்டுக்கு எட்டு.”

“என்ன கேட்டாங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். “வெளைச்சல எப்படி அறுத்துப் பாக்கறதுன்னு.”

அப்பா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். “என்ன எழுதின?”

“வாய்மடைல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, வடிமடைல ஒண்ணு.”

அம்மா ரசச் சட்டியோடு நின்றுவிட்டார். அப்பா மறுபடியும் சாப்பிடத் தொடங்கினார்.

“அங்க சரின்னுட்டாங்களா?” என்றார்.

“ஆமாம்ப்பா.”

“எல்லாத்துக்கும் சமம்னு சொன்னியே, அந்த நம்பரு. அதுக்கு எத்தன மார்க்கு?”

பதிலுக்காக அவர் கேட்கவில்லை. கை கழுவிவிட்டுத் துண்டை உதறித் தலையில் கட்டினார். மூலையில் செருகியிருந்த இன்னொரு கருக்கரிவாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“காரியஸ்தர் மச்சினர் வயல்ல இன்னிக்கு வடிமடைப் பக்கம். ஆள் பத்தல. கெளம்பு.”

இந்த வருஷம் அங்கே வெள்ளம் நிற்கவில்லை. வாய்மடையிலிருந்து வடிமடை வரைக்கும் ஒரே மாதிரி விளைந்து கிடந்தது. எங்கே நம்பர் விழுந்தாலும் சரியாக வந்திருக்கும். அப்பா முன்னால் குனிந்தார், நான் அவருக்கு அடுத்த வரிசையைப் பிடித்தேன்.